பதினான்கு போல்ட் என்று மட்டும் எழுதிய ரசீதை நம்பி ஆக்ஸில் மாற்றாதீர்கள்

அரிசோனாவில் ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரத்தில் பழைய செவ்ரோலே பிக்கப் வைத்துக்கொண்டு பாறைப் பாதைகளில் ஓட்டும் தமிழர்கள் சிலரை நான் அறிவேன். அவர்களில் யாராவது பின் ஆக்ஸிலை, அதாவது பின்சக்கரங்கள் இரண்டையும் தாங்கிச் சுழற்றும் அச்சை, மாற்ற எண்ணியிருந்தால், பட்டறையில் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரைக் குறிப்பிடவில்லை. நடந்தது என்ன என்பதை மட்டும் சொல்கிறேன்.

என்னுடைய வண்டி 1985ஆம் ஆண்டு கே10, அரை டன் வகை. அதில் கம்பெனி பொருத்திய பின் ஆக்ஸிலைப் ‘பத்து போல்ட்’ என்பார்கள். இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் நடுப்பகுதியான டிஃபரன்ஷியலின் மூடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் எண்ணிக்கையால் வந்த பெயர் அது. உள்ளே இருக்கும் கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரத்தின் விட்டம் 8.5 அங்குலம். சாதாரண டயரோடு சாலையில் ஓடும்வரை அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானோ 35 அங்குல டயர் போட்டுப் பாறையில் ஏற்றினேன். இந்த வகை ஆக்ஸிலில், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் வெளியே வந்துவிடாமல் பிடித்திருப்பது அதன் உள்முனையில் மாட்டப்பட்ட ‘சி’ வடிவக் கிளிப் ஒன்றுதான். சக்கரம் பூட்டப்பட்டிருப்பதும் அதே ஷாஃப்டின் வெளிமுனையில்தான். ஆகவே ஷாஃப்ட் முறிந்தால், முறிந்த துண்டோடு சேர்ந்து சக்கரமும் வெளியே நழுவும்.

எனக்கு அது நடந்தது. லேக் பிளெசன்ட் பக்கமிருந்து கிரவுன் கிங் என்னும் பழைய சுரங்க ஊருக்கு ஏறும் பாதையில், என் மகன் பக்கத்து இருக்கையில் இருக்கும்போது, இடது பின்சக்கரம் பிரேக் டிரம்மோடு ஒரு முழ அளவுக்கு வெளியே வந்து நின்றது. வண்டி மலைப்பக்கமாகச் சாய்ந்ததால் இருவரும் தப்பினோம். அந்த இடத்திலேயே, இனிமேல் சி கிளிப் உள்ள ஆக்ஸிலை நம்பிப் பிள்ளையை ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இதற்கு மாற்றாக எல்லோரும் சொல்லும் ஆக்ஸில், அதே ஜெனரல் மோட்டார்ஸ் முக்கால் டன், ஒரு டன் வண்டிகளுக்குப் போட்ட பதினான்கு போல்ட் ‘ஃபுல் ஃப்ளோட்டர்’. அதன் கிரவுன் 10.5 அங்குலம். கிரவுனைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் மூக்கையும் தனியாக ஒரு பேரிங் தாங்குவதால், பளு ஏறும்போது பினியன் கிரவுனை விட்டு விலகுவதில்லை. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாக இருந்தது, வண்டியின் எடையை ஷாஃப்ட் சுமப்பதில்லை என்பதுதான். ஆக்ஸிலின் வெளிக்கூடான ஹவுசிங்கின் முனையில் இருக்கும், சுழலாத ஸ்பிண்டிலின் மேல் இரண்டு பேரிங்குகளில் ஹப் என்னும் சக்கரக் குடம் சுழல்கிறது. சக்கரம் அந்த ஹப்பில் பூட்டப்படுகிறது. ஷாஃப்ட் சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. ஷாஃப்ட் இரண்டாக முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். வெளியே தெரியும் எட்டு போல்ட்டுகளைக் கழற்றி முறிந்த ஷாஃப்டை உருவிவிட்டு, முன் ஆக்ஸிலின் இழுவையில் மெதுவாக வீடு வந்து சேரலாம்.

பட்டறையில் இதையெல்லாம் வாயால் விளக்கமாகச் சொன்னேன். என் முன் ஆக்ஸிலில் 4.10 கிரவுன் பினியன் (பினியன் 4.10 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) இருப்பதையும், பின்னாலும் அதே விகிதம் வேண்டும் என்பதையும் சொன்னேன். பழைய வண்டிகளை உடைக்கும் யார்டிலிருந்து ஆக்ஸிலை எடுத்து, பேரிங், சீல் எல்லாம் புதிதாகப் போட்டு, ஸ்பிரிங் உட்காரும் தாங்கிகளான ஸ்பிரிங் சீட்டுகளை வெல்டு செய்து, ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்டை அளவுக்கு வெட்டிப் பொருத்தித் தர 5,200 டாலர் என்றார்கள். அதில் 3,000 டாலரை ரொக்கமாக முன்பணம் கொடுத்தேன். ரசீதில் “14 போல்ட் பின் ஆக்ஸில், புதுப்பித்தது” என்று மட்டும் எழுதியிருந்தது. ஃபுல் ஃப்ளோட்டர் என்ற சொல்லும் 10.5 என்ற எண்ணும் அதில் இல்லை என்பதை நான் அன்று கவனிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

வண்டியை எடுக்கப் போன அன்று பின்சக்கரங்களில் எட்டு நட்டுகள் இருந்தன. என் பழைய சக்கரத்தில் ஆறு. முன் ஹப்புகளையும் முக்கால் டன் வகையான கே20 பாகங்களைக் கொண்டு எட்டாக மாற்றியிருந்தார்கள். பின்சக்கரத்தின் நடுவில் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று அழுத்தி மாட்டப்பட்டிருந்தது. அதை விரலால் நெம்பிப் பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே தெரிந்திருக்கும். மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

நெடுஞ்சாலையில் 55 மைலைத் தாண்டியதும் இருக்கைக்கு அடியில் அதிர்வு தொடங்கியது. நான்கு சக்கர இழுவையில் போட்டால், மணலில்கூட வண்டி தன்னைத்தானே பிடித்து இழுப்பதுபோல் திணறியது. புது ஆக்ஸில், பழகட்டும் என்று பட்டறையில் சொன்னார்கள். மூன்று வாரம் பொறுத்துவிட்டு, ஃபீனிக்ஸ் அருகே மேசாவில் இந்த வண்டிகளிலேயே ஊறிய முதிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டிக்கு அடியில்கூடப் போகவில்லை. பின்சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஃபுல் ஃப்ளோட்டராக இருந்தால் சக்கரத்தின் நடுத்துளை வழியாக ஹப் தடித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன் முகத்தில் எட்டு போல்ட்டுகள் வட்டமாக இருக்க வேண்டும். அங்கே இருந்தது தட்டையான ஷாஃப்ட் முகம் மட்டும்தான்.

பதினான்கு போல்ட் என்ற பெயரில் இரண்டு ஆக்ஸில்கள் உண்டு என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஒன்று நான் கேட்ட 10.5 அங்குல ஃபுல் ஃப்ளோட்டர். மற்றொன்று 9.5 அங்குலக் கிரவுன் கொண்ட ‘செமி ஃப்ளோட்டர்’. இரண்டின் மூடியிலும் பதினான்கு போல்ட்டுகள்தான். செமி ஃப்ளோட்டரிலும் எட்டு நட்டுச் சக்கரம் வருவது உண்டு. அது மட்டமான ஆக்ஸில் அன்று, பத்து போல்ட்டைவிட வலிமையானதே. ஆனால் அதிலும் சக்கரத்தைச் சுமப்பது ஷாஃப்ட்தான். மூடியைத் திறந்து, நடுப்பின்னை உருவி, ஷாஃப்டை உள்ளே தள்ளியதும் எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு கிளிப் அவர் கையில் விழுந்தது. அதைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். எந்த சி கிளிப்பிலிருந்து தப்பிக்க 5,200 டாலர் கொடுத்தேனோ, அதே வடிவம், சற்றே பெரிய அளவில். எண்ணெயில் வெள்ளிப் பொடிபோல் உலோகத் துகள் மின்னியது. பேரிங்குகள் எதுவும் புதியவை அல்ல.

அடுத்து விகிதத்தைப் பார்த்தார். இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் இல்லாத ஆக்ஸிலில் ஒரு சக்கரத்தைத் தரையில் நிறுத்தி, மற்றதைத் தூக்கி இரண்டு முழுச் சுற்று சுற்றினால், டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டுச் சுற்றினோம். 4.10 என்றால் நான்கைத் தாண்டிக் கொஞ்சம் போக வேண்டும். கோடு நான்காவது சுற்றை முடிக்காமல் கால் சுற்றுக்கு முன்பே நின்றது. அதாவது 3.73. நான்கு சக்கர இழுவையில் பின்சக்கரங்கள் நூறு அடி போக முயலும்போது முன்சக்கரங்கள் தொண்ணூற்றோரு அடிதான் போக முயலும். அந்த இழுபறி முழுவதையும், முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் சங்கிலி தாங்கியிருக்கிறது. அந்தச் சங்கிலியையும் இப்போது மாற்ற வேண்டியிருக்கிறது.

அதிர்வுக்குக் காரணம் ஸ்பிரிங் சீட்டுகள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் (வளைந்து கொடுக்கும் மூட்டு) உள்ள டிரைவ் ஷாஃப்டில், டிரான்ஸ்ஃபர் கேஸின் சாய்வும் பினியனின் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். இவர்கள் பினியனின் மூக்கை நேராக டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்கும்படி தூக்கி வைத்து வெல்டு செய்திருந்தார்கள். மேல்முனையில் இரட்டைக் கிராஸ் உள்ள ஷாஃப்டுக்குத்தான் அந்தக் கோணம் பொருந்தும். வெல்டிங்கும் ஹவுசிங் குழாயின் பழைய பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஓடியிருந்தது. ஒரு சீட்டின் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசலை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஆக்ஸில் வகையை மாற்றிக் கொடுத்ததைவிட இந்த விரிசல்தான் என்னை அதிகம் கலங்க வைத்தது, ஏனெனில் அந்த மூன்று வாரமும் அதே வண்டியில்தான் மகனைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன்.

பட்டறைக்குத் திரும்பப் போனபோது அவர்கள் சொன்ன ஒரே பதில், பதினான்கு போல்ட் கேட்டீர்கள், மூடியில் எண்ணிப் பாருங்கள் என்பதே. விகிதம் பற்றி எழுத்தில் எதுவும் இல்லை என்றார்கள். ரொக்கமாகக் கொடுத்ததால் கார்டு கம்பெனி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை.

ஆகவே இந்த வேலையைக் கொடுக்கும் எவரும் ரசீதில் “10.5 அங்குல ஃபுல் ஃப்ளோட்டர், விகிதம் இன்னது” என்று எழுதி வாங்குங்கள். ஆக்ஸிலை வண்டியில் ஏற்றும் முன், தரையில் கிடக்கும்போதே போய்ப் பாருங்கள். ஹப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, பினியன் தாங்கி தனியாகக் கழற்றக்கூடிய துண்டாக ஹவுசிங்கின் முன்புறம் போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டும் இல்லையென்றால் அது 9.5. மூடியை உங்கள் முன் திறக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுகளை முதலில் புள்ளி வெல்டு மட்டும் செய்து, வண்டியின் எடை ஸ்பிரிங்கில் இறங்கிய பிறகு கோணத்தை அளந்து, அதன் பிறகே முழுதாக வெல்டு செய்யச் சொல்லுங்கள். மறுக்கிற பட்டறையில் வண்டியை விட வேண்டாம்.

மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் ரசீது, படங்கள், மேசா மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை ஆகியவற்றோடு நுகர்வோர் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறேன். வண்டி இப்போது ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. ஃபீனிக்ஸ் பக்கம் அண்மையில் பதினான்கு போல்ட் மாற்றிய எவரும், இன்றே பின்சக்கரத்தின் நடு மூடியைக் கழற்றிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். என் புகாரோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.