சாவியைத் திருப்பினால் ‘டக்’ மட்டும்: ஆறு ஆண்டுப் புல்வெட்டி அனுபவம்

சோழவந்தானில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர், நான் ஓட்டுவதைப் போன்ற, அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றைத் தானும் வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அன்றுதான் என் வண்டியை மூன்றாம் முறையாகப் பழுது நீக்கி முடித்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். அழகர்மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்பில் ஐப்பசி மழைக்குப் பின் மளமளவென்று எழும்பும் புல்லை, நான்கு ஆட்கள் இரண்டு நாள் அறுத்த இடத்தில், இந்த வண்டி ஒரே காலையில் வெட்டி முடிக்கிறது. ஆறு ஆண்டுகளில் என்ஜின் ஒருமுறைகூட நடுவழியில் நின்றதில்லை.

தொல்லை முழுவதும் அதைக் கிளப்புவதில்தான். சாவியைத் திருப்பினால், செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்த சுவிட்சான சொலினாய்டிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். என்ஜினைக் கிளப்ப வேண்டிய அந்த மோட்டார் சுற்றாது. முதல் முறை மெக்கானிக் பேட்டரியை மாற்றினார். சில மாதங்கள் ஓடியது. இரண்டாம் முறை செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, காயில் புதிதாகச் சுற்றி மாட்டினார். மறுபடியும் சில மாதங்கள் ஓடியது. பாகங்களைக் கழற்றி மாட்டும்போது கேபிள்கள் அசைந்து, கெட்டுப்போன இணைப்பு தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே அப்போது தெரியவில்லை.

மூன்றாம் முறை மல்டிமீட்டரை வைத்து நானே பார்த்தேன். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. முழு சார்ஜ் என்று பொருள். பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும் மற்றொன்றை என்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, மகனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்கும் கீழே இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 5 வோல்ட் காட்டியது. செல்ஃப் மோட்டாருக்குப் போக வேண்டிய அழுத்தத்தில் பெரும்பகுதி எர்த் வழியிலேயே, அதாவது மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியிலேயே, தொலைந்துகொண்டிருந்தது.

டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். விளக்கு எரிய ஓரிரு ஆம்பியர் போதும். துருப்பிடித்த இணைப்பும் அதைத் தடையின்றி விட்டுவிடும். செல்ஃப் மோட்டாரோ கிளம்பும் நொடியில் 100 ஆம்பியர் அளவுக்கு இழுப்பது. அவ்வளவு ஓட்டத்தில் 0.02 ஓம் தடைகூட 2 வோல்ட்டை விழுங்கிவிடும். ஆகவே அவ்வளவு மின்சாரம் ஓடாத நிலையில் செய்யும் சாதாரணச் சோதனை எதுவும் இந்தப் பழுதைக் காட்டாது.

எர்த் கேபிளைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டைக் கழற்றியபோது எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது. வண்டியைத் தயாரித்தவர்கள் பெயின்ட் அடித்த தகட்டின்மீதே கேபிள் முனையை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். ஈரப் புல் வந்து படியும் இடமும் அதுதான். பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே வேசலின் தடவினேன். அதோடு பேட்டரி மைனஸிலிருந்து நேராக என்ஜின் போல்ட்டுக்குத் தடித்த கேபிள் ஒன்றும் இழுத்துவிட்டேன். சில நூறு ரூபாயில் முடியும் வேலைக்கு அதுவரை பல ஆயிரம் செலவழித்திருந்தேன்.

‘டக்’ சத்தமே வராவிட்டால் தேட வேண்டிய வழி வேறு: ஃபியூஸ், சாவி சுவிட்ச், பிரேக் பெடலிலும் பிளேடு விசையிலும் உள்ள பாதுகாப்பு சுவிட்சுகள். அவற்றைத் துண்டித்து ஒயரை நேராக முறுக்கிவிடச் சொல்வோர் உண்டு. பிளேடு சுழல வண்டி கிளம்பிவிடும் அந்த ஆபத்தை, பிள்ளைகள் ஓடியாடும் தோப்பில் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

இத்தனைக்கும் பிறகு, அதிகாலையில் அறுத்த புல்லின் மணத்தோடு மரங்களுக்கிடையே இதை ஓட்டி வருவது போன்ற நிறைவை வேறெந்தக் கருவியும் எனக்குத் தந்ததில்லை. ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஒரு வாஷரை மிச்சம் பிடித்து என்னை இரண்டு ஆண்டுகள் அலைக்கழித்த வண்டியை இந்த வாரம் என்னால் பரிந்துரைக்க முடியாது. அவர் கேட்பதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப் பார்க்கப் போகிறாராம். வரட்டும், இருக்கையில் உட்காரும் முன் அந்த போல்ட்டைத்தான் காட்டுவேன்.