காலை அரை மணி நடையா, மூன்று பத்து நிமிடமா?

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாளாவது தசை வலுப்பயிற்சி. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது விடாமல் செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையை 2020-இல் எடுத்துவிட்டார்கள். வீட்டையும் வேலையையும் சேர்த்துச் சுமப்பவர்களுக்கு இது பெரிய விடுதலை.

காலை நடையின் பலம், கணக்கு எளிது: 30 நிமிடம், ஐந்து நாள். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, பிறகு பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். ஆனால் ஷூ மாட்டுவதிலிருந்து வியர்வை அடங்கிக் குளிப்பது வரை 50 நிமிடம் ஓடிவிடும். டிபன் பாக்ஸ் கட்டும் வீட்டில் அந்த நேரம் பெரும்பாலும் தூக்கத்திலிருந்துதான் வரும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய பயிற்சி மொத்தமும் போச்சு.

மூன்றாகப் பிரித்தால் ஒன்று தவறினாலும் இரண்டு மிஞ்சும். பிரிக்கும்போது சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தைப் பிடியுங்கள். நடக்கும் கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்வதால், சோறு சாப்பிட்டபின் வரும் ஏற்றம் குறையும். (இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கவும்.) இந்த முறை கெடுவது வேகத்தில்தான். போன் பார்த்தபடி உலாத்தினால் பத்து நிமிடமும் வீண். பத்து நிமிடத்தில் சுமார் 1,000 காலடி வந்திருந்தால் வேகம் சரி.

அலுவலக மாடிப்படி இன்னும் சிக்கனம்; இரண்டு மூன்று மாடியிலேயே மூச்சு வாங்கும். முழுப் பாதத்தையும் படியில் பதித்து ஏறுங்கள். மூட்டுவலி இருந்தால் இறங்கும்போது லிஃப்ட். முட்டியில் சுமை கூடுவது இறக்கத்தில்தான்.

விடிகாலையில் எழுந்தும் ஏழு மணி நேரத் தூக்கம் கிடைக்கிறவர்களுக்குக் காலை நடை. மற்ற எல்லோருக்கும் பிரித்துச் செய்வதே நிலைக்கும்.

எதைத் தேர்ந்தாலும் வலுப்பயிற்சி தனி. நடை அதை ஈடுகட்டாது. குக்கர் அடுப்பில் இருக்கும் நேரம் போதும்: நாற்காலியில் உட்கார்ந்து எழும் பஸ்கி 10, சமையல் மேடை விளிம்பைப் பிடித்துச் சாய்ந்த தண்டால் 10; ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. பஸ்கியில் முட்டி உள்பக்கம் மடங்கினாலோ குதிகால் தூக்கினாலோ நாற்காலிமேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். 10 சுலபமானதும் தலையணையை எடுத்துவிடலாம்.