பழைய தலைநகரா, புதிய தலைநகரா? பிள்ளைகளோடு பத்மநாபபுரமும் திருவனந்தபுரமும்

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் எங்கள் குமரி மாவட்டத்து வீடுகளில் தவறாமல் வரும் பேச்சு இது: பிள்ளைகளை அரண்மனைக்குக் கூட்டிப் போவதா, திருவனந்தபுரத்துக்கா? இங்கே அரண்மனை என்றால் தக்கலைக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம்தான். திருவனந்தபுரம் என்றால் மிருகக்காட்சிசாலை, மியூசியம், கோட்டைப் பக்கம், நேரமிருந்தால் கடற்கரை. இரண்டும் ஒரே ராஜ்யத்தின் தலைநகரங்கள். திருவிதாங்கூர் மன்னர்கள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை பத்மநாபபுரத்தில் இருந்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு மாறினார்கள். 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைகள் மாறியபோது பழைய தலைநகர் தமிழகத்துக்கு வந்தது, புதியது கேரளத்தில் நின்றது. அரண்மனையின் நிர்வாகம் மட்டும் இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறையின் கையில்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து வயதுக்குக் கீழே என்றால் பத்மநாபபுரம். அதற்கு மேல் என்றால் திருவனந்தபுரம், ஆனால் வழக்கமாக எல்லோரும் போகும் வரிசையில் வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வேன் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தப் பிள்ளைகள்மேல்தான் இரக்கம் வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலில் பாதி நாள் போய்விடும்.

முதலில் பத்மநாபபுரம். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய ஓட்டு வீடு மாதிரி இருக்கிறதே என்று பிள்ளைகள் முகம் வாடுவார்கள். தங்கமும் கோபுரமும் எதிர்பார்த்து வந்தவர்கள் அல்லவா. அந்த வாட்டம் பூமுகத்தைத் தாண்டுவதற்குள் போய்விடும். முகப்பின் மேற்கூரை முழுக்க மரத்தில் செதுக்கிய பூக்கள். 90 வகை, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்பார்கள். நடுவே சங்கிலியில் ஒரு குதிரை விளக்கு தொங்குகிறது. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும் என்று அங்குள்ள ஊழியர் சொன்னதும், எத்தனை சின்னப் பிள்ளையானாலும் கழுத்தை அண்ணாந்துகொண்டு நகர மறுக்கும்.

அங்கிருந்து மேலே போகும் மரப்படி செங்குத்தானது, குறுகலானது. பெரியவர்கள் குனிந்துதான் ஏற வேண்டும், பிள்ளைகள் நிமிர்ந்தே ஏறிவிடுவார்கள். மேலே மந்திரசாலை. மன்னர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய கூடம். மரச் சட்டங்களுக்கு இடையே வண்ண மைக்காத் தகடுகள் வழியாக வெளிச்சம் வடிகட்டி வருகிறது. வெளியே சித்திரை வெயில் அடித்தாலும் உள்ளே குளிர்ச்சிதான், மின்விசிறி இல்லாமலேயே. தரை கன்னங்கரேலென்று பளபளக்கும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து போட்ட தரை என்று சொல்கிறார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறோம் என்பதால் அந்தத் தரையின் வழவழப்பு நேரே காலில் தெரிகிறது. என் மகள் அங்கே குப்புறப் படுத்து, தரையில் தெரிந்த தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். சட்டையில் கறுப்பு ஒட்டவில்லையே என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். 'முட்டையா? அவிக்காத முட்டையா?' என்று வீடு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இதுதான் பத்மநாபபுரத்தின் பலம். ஒவ்வொரு அறையிலும் ஒரு பொருள், அந்தப் பொருளுக்கு ஒரு கேள்வி. ஊட்டுப்புரையில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட நீளக்கூடம், பக்கத்தில் ஊறுகாய் போட்டுவைத்த பெரும் பெரும் பரணிகள், அதாவது ஜாடிகள். 'இதுக்குள்ள நான் ஒளிஞ்சிக்கலாமா?' என்று கேட்காத பிள்ளையே கிடையாது. தாய்க் கொட்டாரம் அங்குள்ள கட்டடங்களில் மிகப் பழையது. ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூண் ஒன்று அங்கே நிற்கிறது. உப்பரிகை மாளிகையில் 64 வகை மூலிகை மரங்களைச் சேர்த்துச் செய்ததாகச் சொல்லும் மன்னர் கட்டில். மணி மாளிகையில் எடைக்கட்டிகளின் இழுப்பில் ஓடும் பழைய கடிகாரம். நவராத்திரி மண்டபத்தில், அரண்மனைப் பெண்கள் தாங்கள் வெளியே தெரியாமல் ஆட்டமும் பாட்டும் பார்ப்பதற்கென்று வைத்த மரத்தடுப்பு. அதன் ஓட்டை வழியாகக் கண் வைத்துப் பார்க்க நம் பிள்ளைகள் வரிசை கட்டுவார்கள். முற்றத்தில் ஒரு உருண்டைக் கல். படையில் சேர வருகிற இளைஞன் அதை 101 முறை தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்பது வழிகாட்டிகள் சொல்லும் கதை.

அறைக்கு அறை ஊழியர்கள் நின்று விளக்குவதும், தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வருவதும் பெரிய வசதி. பிள்ளைகள் நேரடியாகக் கேட்டுக்கொள்ளலாம், நாம் நடுவே நின்று மொழிபெயர்க்க வேண்டியதில்லை. உள்ளே ஒரே வழிதான், போகிற போக்கில் எல்லாம் வந்துவிடும். நிதானமாகப் பார்த்தாலும் இரண்டு மணி நேரம் போதும். சின்னப் பிள்ளையின் பொறுமைக்கு அது சரியான அளவு.

குறையும் உண்டு. முதல் பாதியில் இருக்கும் வேகம் கடைசி அறைகளில் இருக்காது. முன்பக்கத்து அருங்காட்சியகத்தில் கல்வெட்டு, சிலைகளுக்கு நடுவே மரண தண்டனைக்கான இரும்புக் கூண்டும் இருக்கிறது. பயந்த சுபாவமுள்ள பிள்ளை என்றால் அந்தப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள், இரவில் தூங்காது. படிகள் செங்குத்து என்பதால் தாத்தா பாட்டியை எல்லா மாடிக்கும் ஏற்ற முடியாது, தள்ளுவண்டிக் குழந்தைக்கும் வழியில்லை. மதியம் ஒரு மணிக்கு அடைத்துவிட்டு இரண்டு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். காலையில் ஒன்பது மணிக்கே போய் நின்றுவிடுவது நல்லது.

மிச்சமிருக்கும் நேரத்துக்கு இரண்டே கிலோமீட்டரில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை இருக்கிறது. மான், மயில், மரநிழல் என்று இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக இருப்பதால் அரண்மனையில் 'தொடாதே, ஓடாதே' என்று கட்டிவைத்த கால்களை இங்கே அவிழ்த்து விடலாம். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பழக்கி, இந்தக் கோட்டையைப் பலப்படுத்தி, 1777-இல் இறந்து இங்கேயே அடக்கமானார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. எதிரியாக வந்தவர் எப்படி நம்ம ஆளானார் என்ற கேள்வியை எந்தப் பிள்ளையும் கேட்கும். பதில் சொல்லத் தயாராகப் போங்கள்.

அடுத்து திருவனந்தபுரம். இங்கே சிக்கலே இடங்கள் நிறைய இருப்பதுதான். கிழக்குக் கோட்டை, மியூசியம் வளாகம், ராக்கெட் ஏவுதளமுள்ள தும்பா மூன்றும் மூன்று திசையில் கிடக்கின்றன. ஒரு நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வருபவர்கள் பேருந்தை மறந்துவிட்டு ரயிலில் போவது நல்லது. தம்பானூரிலுள்ள ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் எதிரே பேருந்து நிலையம், அதன் ஓரத்திலேயே கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். செங்கல்லால் எழுப்பிய வட்டக் கோபுரம். உள்ளே மாடிப்படியே கிடையாது, சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே போகும் தரையின் ஓரத்தில் மேசைகள். தலைப்பாகை கட்டியவர் கொண்டுவரும் மசால் தோசைக்குள் பீட்ரூட் சிவப்பு. எங்கள் வீட்டில் திருவனந்தபுரம் என்ற பேச்சை எடுத்தாலே பிள்ளைகளுக்கு இந்தக் கட்டடம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. காலைச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

மியூசியம் வளாகத்தைத்தான் எல்லோரும் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். மரங்களடர்ந்த மேடு, புல்வெளி, உட்கார இடம். கைக்குழந்தை இருந்தால் இதைவிட வசதியான இடம் நகரில் இல்லை. நேப்பியர் மியூசியத்தை ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1880-இல் முடித்தார். சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியரின் பெயர் அதற்கு. கோடு கோடாய் வண்ணம் தீட்டிய உள்சுவரும் கூரையும் நன்றாயிருக்கும், ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாய் நிற்கும் வெண்கலச் சிலைகள் சிறு பிள்ளைகளைப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடித்துவைக்காது. மிருகக்காட்சிசாலை 1857-இல் தொடங்கியது, நாட்டின் மிகப் பழையவற்றில் ஒன்று. புலியும் நீர்யானையும் உண்டு, ஏரி உண்டு. ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம். பதினொரு மணிக்கு மேல் போனால் மிருகங்கள் நிழலில் படுத்துவிடும், நம் பிள்ளைகளும் இடுப்பில் ஏறிவிடுவார்கள். உள்ளதைச் சொன்னால், மிருகம் பார்ப்பதற்கு இது நல்ல இடம். வரலாற்று நகரம் ஒன்றைப் பார்த்தோம் என்ற உணர்வு பிள்ளைக்கு இங்கே வராது.

அந்த உணர்வு வரும் இடம் கோட்டைப் பகுதி. பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரம், முன்னால் பத்மதீர்த்தக் குளம், பக்கத்தில் மன்னர் சுவாதித் திருநாள் கட்டிய குதிர மாளிகை. மாளிகையின் இறவாரத்தைத் தாங்கி 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. எண்ணச் சொல்லிவிடுங்கள், பிள்ளைகளே வேலையைப் பார்த்துக்கொள்வார்கள். உள்ளே தந்தச் சிம்மாசனமும் பளிங்கு போன்ற படிகச் சிம்மாசனமும் இருக்கின்றன. வயலினோ பாட்டோ கற்கும் பிள்ளை என்றால், இசை, நடனக் கலைஞர்களான தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்த கதையைப் போகும் வழியில் சொல்லி வையுங்கள். வெளியே வந்தால் மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம். தாடி வைத்த முகம் ஒன்று, இரு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடா. மணி அடிக்கும்போது வாய் திறக்கும், கடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். கடிகாரம் ஓடுகிறதா என்று பக்கத்துக் கடையில் கேட்டுவிட்டு, முழு மணிக்குக் கொஞ்சம் முன்னதாகப் போய் நில்லுங்கள்.

பத்மநாபசுவாமி கோயிலைப் பிள்ளைகள் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆண்களுக்கு வேட்டி, மேல்சட்டை கூடாது. பெண்களுக்குச் சேலை, அல்லது உடைக்கு மேலே சுற்றிய வேட்டி. கைபேசியை வெளியே ஒப்படைக்க வேண்டும். அப்புறம் நீண்ட வரிசை. பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகத் தரிசிப்பது பெரியவர்களுக்கு மறக்க முடியாதது, ஐந்து வயதுக்கு அது வெறும் இருட்டும் தள்ளுமுள்ளும். இன்னொன்று. எங்கள் மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பள்ளித் தோழர்களுமாகச் சேர்ந்து போகும்போது, இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி உள்ள வாசலில் இரண்டு பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு மற்றவர்கள் உள்ளே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. கோயிலுக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். அரண்மனைகளும் மியூசியமும் எல்லோருக்கும் பொது.

ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்றால் நான் யோசிக்கவே மாட்டேன்: தும்பா. மக்தலேனா மரியாவின் பெயரிலான பழைய தேவாலயம்தான் இன்று விண்வெளி அருங்காட்சியகம். பூமியின் காந்த நடுக்கோடு இந்தக் கடற்கரையை ஒட்டிப் போவதால்தான் இந்த மீனவ ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர்மக்கள் இடம் விட்டுக்கொடுத்தார்கள், ஆயர் இல்லமும் தேவாலயமும் அலுவலகமும் பட்டறையும் ஆயின. 1963 நவம்பர் 21 அந்தி நேரத்தில் முதல் ராக்கெட் கிளம்பியது. அதன் சோடியம் புகை வானத்தில் நிறம் காட்டியது. ராக்கெட் பாகத்தைச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு போகும் அந்தக் காலத்துப் படத்தை என் அக்கா மகன் பார்த்துக்கொண்டே நின்றான். இராமேசுவரத்து அப்துல் கலாம் இளம் பொறியாளராக இங்கே வேலை பார்த்தார் என்றதும் அவன் கேட்ட கேள்விகளுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. பெரியவர்கள் அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குத் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ராக்கெட் முன்னால் நின்று படம் எடுப்பதோடு ஆர்வம் தீர்ந்துவிடும்.

செலவு என்று பார்த்தால் நம் பக்கத்துக்காரர்களுக்குப் பத்மநாபபுரம் மிகவும் மலிவு. பையில் கட்டுச்சோறும் ஒரு சீப்பு மட்டிப்பழமும் போதும். திருவனந்தபுரத்தில் ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் போகும் காசுதான் கணக்கை ஏற்றிவிடும். திங்கட்கிழமை மட்டும் கிளம்பவே கிளம்பாதீர்கள். பத்மநாபபுரம், குதிர மாளிகை, மிருகக்காட்சிசாலை, நேப்பியர் மியூசியம் எல்லாமே அன்று மூடியிருக்கும்.

முதலில் எது என்றால், முடிந்தவரை பத்மநாபபுரத்தை முன்னால் வையுங்கள். மரத்தாலான அந்த வீட்டைப் பார்த்த பிள்ளைக்குத்தான் குதிர மாளிகை புரியும். அதே ராஜாக்கள், அதே மரவேலை, கொஞ்சம் புதிய பவிசு என்று தானாகவே சொல்லும். புதியதை முன்னால் பார்த்துவிட்டுப் பழையதற்கு வந்தால், 'இங்கே சிம்மாசனம் இல்லையா?' என்ற ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இரண்டு ஊரையும் ஒரே கதையாகப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆண்டில் ஒரு சமயம் வாய்க்கிறது, நவராத்திரிக்குச் சற்று முன்னால். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் அரண்மனையிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கிளம்புகிறார்கள். உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறும், இரு மாநிலக் காவல்துறையும் அணிவகுக்கும். முதல் இரவு குழித்துறை, மறு இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். தலைநகர் மாறிய பிறகும் கொலுவுக்கு அம்மன் இங்கிருந்துதான் போக வேண்டும் என்ற ஏற்பாடு இன்றும் நடக்கிறது. அரண்மனை வாசலில் கூட்டம் நெருக்கும். சின்னப் பிள்ளைகளோடு நிற்க தக்கலைக்கு அப்புறம் சாலையோரத்தில் ஒரு நிழலான இடம் பார்த்துக்கொள்ளுங்கள்; தண்ணீர் பாட்டில் கட்டாயம்.