போர் தண்ணீருக்கு எது தாங்குகிறது? பாலக்கோட்டு அரப்புக் கடையில் ஒரு வருடமாக வாங்கியவை

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு வீட்டுத் திண்ணைதான் கடை. பலகை எதுவும் இல்லை. "அரப்பு விக்கிற அக்கா வீடு" என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். அரப்பு, சீயக்காய், பூந்திக்கொட்டை, தேங்காயெண்ணெய் சோப்பு, பல்பொடி, துணி நாப்கின், இவ்வளவுதான் சரக்கு. டப்பா கொண்டுபோனால் எடை போட்டு நிரப்பித் தருவார். இல்லாவிட்டால் பேப்பர் பொட்டலம். கேரி பேக் கேட்டாலும் கிடைக்காது.

எனக்கு வீட்டிலேயே தையல் வேலை. ஐந்து பேர் இருக்கிறோம். குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் ஆகிறது. குளிக்க, துவைக்க எல்லாம் போர் தண்ணீர். பக்கெட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிகிற, தலைக்கு ஊற்றினால் முடி நார் மாதிரி ஆகிற தண்ணீர். அதனால் எதை வாங்கினாலும் இந்தத் தண்ணீருக்கு ஆகுமா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

பூந்திக்கொட்டை நன்றாகவே ஆகிறது. கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு தோலை ஒரு லிட்டர் வெந்நீரில் ராத்திரியே ஊறப்போட்டுவிடுவேன். காலையில் கையால் பிசைந்தால் மோர் கடைந்த மாதிரி நுரை பொங்கும். உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டால் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து திரிதிரியாகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். பூந்திக்கொட்டையில் நுரை தருவது சபோனின். அது அப்படித் திரியாது. தைக்க வரும் பட்டு ஜாக்கெட்டில் கறை பட்டால் இந்தத் தண்ணீரில்தான் அலசுகிறேன். வெள்ளைத் துணிக்கு வேண்டாம், லேசாகப் பழுப்பேறுகிறது. வடிகட்டிய தண்ணீர் மூன்றாம் நாள் புளித்து நாறும், அளவாகப் போடுங்கள். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது.

அரப்பைப் பற்றி நம் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. உசிலை இலையைக் காயவைத்து இடித்த பொடி. எண்ணெய்க் குளியலுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை என்பேன். இந்த அக்காவிடம் வாங்குவது பச்சை மாறாமல், திறந்ததும் இலை வாசத்தோடு இருக்கும். பழசானால் பழுப்பாகிவிடும், வாசமும் போய்விடும். பாத்ரூம் தரை வழுக்கும், வயசானவர்கள் குளித்ததும் ஒரு பக்கெட் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

தேங்காயெண்ணெய் சோப்பு நம் தண்ணீரிலும் நுரைக்கிறது. மற்ற எண்ணெய்ச் சோப்புகள் இந்த அளவுக்கு நுரைப்பதில்லை. ஒரே ஒரு தடவை சரியாகக் காயாத சோப்பைக் கொடுத்துவிட்டார். நாலே நாளில் கரைந்து கூழாகிவிட்டது. ஒரு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். அழுத்திப் பார்த்து, விரல் பதியாததை எடுங்கள்.

பல்பொடியை நான் நிறுத்திவிட்டேன். என் மாமியார் பென்னாகரம் பக்கம் பிறந்தவர். சின்ன வயதில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்ததில் பல்லில் பழுப்புக் கறை. கரியும் உப்பும் கலந்த இந்தப் பொடியைத் தேய்த்தால் கறை போகும் என்று அக்கா சொல்ல, அத்தை மூன்று மாதம் தேய்த்தார். கறை அப்படியே இருக்கிறது, பல் கூசுவதுதான் மிச்சம். அது தண்ணீரில் இருந்த ஃபுளோரைடால் பல் முளைப்பதற்கு முன்பே எனாமலுக்குள் இறங்கிய கறை. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்ததே இந்தப் பிரச்சினைக்காகத்தான். எந்தப் பொடியாலும் போகாது. "கறை போகும்னு மட்டும் சொல்லாதீங்கக்கா" என்று நேரிலேயே சொல்லிவிட்டேன்.

துணி நாப்கினுக்குத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். இதற்கு முன் ஆன்லைனில் ஒரு செட் வாங்கி ஏமாந்திருக்கிறேன். அதில் அடித்துணியின் நடுவே அழகுக்காகத் தையல் ஓட்டியிருந்தார்கள். தண்ணீர் புகாத துணியில் ஊசி இறங்கினால் ஒவ்வொரு துளை வழியாகவும் கசியும். இதில் நடுவில் தையலே இல்லை, சுற்றி ஓரத்தில் மட்டும் இரண்டு வரிசை. மேலே ஃபிளானல், உள்ளே நாலு மடிப்பு பருத்தி. அடித்துணி பாலியெஸ்டர்தான், அதை அக்கா மறைக்காமல் சொல்கிறார். ஒன்று 110 ரூபாய். எனக்கும் ஒன்பதாவது படிக்கும் மகளுக்குமாக 12 வாங்கினேன், 1,320 ரூபாய். முன்பு இரண்டு பேருக்கும் மாதம் 240 ரூபாய் ஆகும். பள்ளிக்கூடத்தில் மாற்ற வசதியில்லாததால் அங்கே மகள் பாக்கெட் நாப்கின்தான் வைக்கிறாள், அதற்கு 80 ரூபாய். மாதம் 160 மிச்சம் என்றால், எட்டு மாதம் தாண்டியதும் போட்ட பணம் வந்துவிட்டது.

முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள், வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும். போர் தண்ணீரில் அலசி அப்படியே காயப்போட்டால் ஃபிளானல் அப்பளம் மாதிரி விறைக்கிறது. கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு சொம்பு ஒகேனக்கல் தண்ணீர் விடுகிறேன், மெதுமெதுவென்று ஆகிறது. அப்புறம் நல்ல வெயில் படவேண்டும். அத்தை காலத்தில் மாட்டுக்கொட்டாய்க்குள், புடவைக்கு அடியில் மறைத்து, ஈரம் காயாமலே கட்டிக்கொண்டு அரிப்பில் அவதிப்பட்டிருக்கிறார்கள். இப்போது எங்கள் வீட்டில் மாடிக் கொடியில், சட்டை பாவாடைக்கு நடுவில் தொங்குகிறது. மழை தூறினால் ஓடிப்போய் எடுத்து வருவதே அத்தைதான்.

மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை திண்ணையில் ஆள் இருக்காது, கதவைத் தட்டினாலும் வரமாட்டார். பூந்திக்கொட்டையில் விதையோடு, விதை நீக்கியது என்று இரண்டு விலை உண்டு. எடை போடும் முன்பே எது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அரப்பு என்றைக்கு அரைத்தது என்றும் கேளுங்கள், தேதியைச் சரியாகச் சொல்லுவார்.