எவாஞ்சலிசம் எக்ஸ்ப்ளோஷன் பயிற்சி: சாட்சி சொல்ல அஞ்சுபவருக்கு எவ்வளவு உதவும்?

எங்கள் சபையில் நடந்த எவாஞ்சலிசம் எக்ஸ்ப்ளோஷன் நற்செய்திப் பயிற்சியை முழுமையாக முடித்திருக்கிறேன். ஊழிய அனுபவம் உள்ளவர்களை விட்டுவிட்டு, விசுவாசத்தைப் பற்றி வாய் திறக்கவே அஞ்சுகிற சாதாரண சபை அங்கத்தினருக்கு இது எவ்வளவு பயன்படும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இப்பயிற்சி பிறந்ததே ஒரு போதகரின் அச்சத்திலிருந்துதான். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கோரல் ரிட்ஜ் பிரெஸ்பிடேரியன் சபையைத் தொடங்கிய டி. ஜேம்ஸ் கென்னடி, பிரசங்க பீடத்தில் பேசத் தயங்காதவராக இருந்தும், ஒருவர் வீட்டில் அமர்ந்து நேருக்கு நேர் நற்செய்தி சொல்ல அஞ்சினார். ஜார்ஜியாவில் வேறொரு போதகருடன் வீடு வீடாகச் சென்று, அவர் எப்படிப் பேசுகிறார் என்று கூடவே இருந்து கவனித்த பிறகுதான் அவருக்குத் துணிவு வந்தது. அந்த அனுபவத்தை முறைப்படுத்தி 1962-இல் இதை உருவாக்கினார்.

பயிற்சியின் உயிர்நாடியும் அதுவே. ஒரு பயிற்சியாளரும் பயில்பவர்கள் இருவரும் ஒரு குழுவாகச் சந்திப்புக்குச் செல்கிறார்கள். தொடக்க வாரங்களில் பயில்பவர் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பிறகு தம் சொந்தச் சாட்சியை, அதாவது தாம் விசுவாசத்துக்கு வந்த அனுபவத்தைச் சொல்கிறார். அதன்பின் கிருபை, மனிதன், தேவன், கிறிஸ்து, விசுவாசம் என்ற வரிசையில் ஒவ்வொரு பகுதியாகப் பேசப் பழகி, இறுதியில் முழுவதையும் தாமே சொல்கிறார். நமக்காக ஜெபிப்பதற்கென்றே சபையில் சிலர் பொறுப்பேற்கிறார்கள். வகுப்பில் எத்தனை வசனங்களை மனப்பாடம் செய்தும் என் அச்சம் குறையவில்லை. ஒருவர் மறுத்துப் பேசியபோது பயிற்சியாளர் முகம் மாறாமல் நன்றி கூறி விடைபெற்றதைப் பார்த்த நாளில்தான் அது குறையத் தொடங்கியது.

விளக்க எடுத்துக்காட்டுகளும் எளியவை. நல்ல முட்டைகளோடு ஒரு கெட்ட முட்டையையும் சேர்த்து ஊற்றிய ஆம்லெட்டை விருந்தினருக்குப் பரிமாற மாட்டோம். பாவம் கலந்த நற்கிரியைகளைப் பரிசுத்த தேவன் முன் வைப்பதும் அப்படித்தான் என்ற விளக்கம் எந்த வீட்டிலும் புரிகிறது.

ஆனால் இதன் புகழ்பெற்ற இரு கேள்விகள் நம் ஊருக்கு அப்படியே பொருந்தவில்லை. இன்று இறந்தால் பரலோகம் செல்வது உறுதியா என்றும், உன்னை ஏன் அனுமதிக்க வேண்டும் என்று தேவன் கேட்டால் என்ன சொல்வாய் என்றும் அவை கேட்கின்றன. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து சாவைப் பற்றிப் பேச்செடுப்பதை நம்மவர்கள் அபசகுனமாகவே கருதுவார்கள். வினைப்பயனையும் மறுபிறவியையும் நம்பும் நண்பருக்கு இரண்டாம் கேள்வியின் அடிப்படையே அந்நியமானது. பெயரளவில் கிறிஸ்தவராக இருப்பவரிடம் இக்கேள்விகள் நன்றாக வேலை செய்கின்றன; மற்றவர்களிடம் முதலில் நெடுநாள் நட்பு வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். அதற்கான வழிகாட்டுதல் எங்களுக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை.

சட்டத்தைப் பற்றிய அச்சமும் வகுப்பில் பேசப்படவில்லை. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு முதலிய வரம்புகளுக்கு உட்பட்டு, மதத்தைப் பரப்பும் உரிமையை அளிக்கிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. பல மாநிலங்களில் தனிச் சட்டங்களும் உள்ளன. இந்த எல்லையைத் தெளிவாக அறிந்தவர் வீண் அச்சமின்றிப் பேசுவார். கேட்பவரின் சுதந்திரத்தையும் மதிப்பார். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லும்படி வேதாகமத்தில் அப்போஸ்தலன் பேதுரு எழுதியது இந்த மனநிலையைத்தான்.

இக்குறைகள் இருந்தும் தயங்கும் விசுவாசிகளுக்கு இப்பயிற்சியை மனதாரப் பரிந்துரைக்கிறேன். பதிவு செய்யுமுன், பயிற்சியாளர் ஒவ்வொரு வாரமும் உடன் வருவாரா என்று உங்கள் போதகரிடம் கேளுங்கள். குறிப்பேடும் வகுப்பும் மட்டுமே என்றால் சேர வேண்டாம்.