டியூபாவில் நீண்ட சுரம்: சுழற்சி மூச்சா, முறை மாற்றி மூச்சா?

பெரிய பித்தளை ஊதுகருவியான டியூபாவின் தாழ்ந்த சுரங்களை உரத்து ஊதும்போது, நெஞ்சு நிறைய இழுத்த மூச்சுகூடச் சில நொடிகளில் தீர்ந்துவிடுவதால், நெடுநேரம் நீளும் ஒற்றைச் சுரத்தை அறுபடாமல் ஒலிக்கச் செய்யப் பெரும்பாலும் இரண்டு வழிகளே கைகொடுக்கின்றன.

சுழற்சி மூச்சில், கன்னங்களில் தேக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் புதுக்காற்றை இழுக்க வேண்டும். நாகசுரத்துக்கு ஒத்து (இடைவிடாமல் சுருதி தரும் குழல்) ஊதுபவருக்கு இது அன்றாட வேலை. வாயில் வைத்து ஊதும் சீவாளியின் குறுகிய வாய்க்குக் கன்னக்காற்றே போதும். டியூபாவின் அகன்ற மவுத்பீஸோ அதை ஒரு கணத்தில் விழுங்கிவிடுகிறது. மூக்கால் அவசரமாக இழுப்பது செலவை ஈடுகட்டாது, மாறும் இடத்தில் சுரம் தளும்புவதும் காதில் விழும். மென்மையாக ஊதும் மேல்நிலைச் சுரங்களுக்கே இது ஏற்றது.

இருவர் முறை மாற்றி மூச்செடுப்பது இதைவிட எளிது. ஒருவர் ஒலியை மெல்லத் தேயவிட்டு விலகி, வாய்வழியே நிறைய இழுத்து, நாக்கால் தட்டாமல் மெதுவாகத் திரும்பச் சேர வேண்டும். இருவரும் பழக்கதோஷத்தில் பார் (இசைக்குறிப்பின் தாளக் கட்டம்) முடியும் இடத்திலேயே மூச்செடுத்தால் காரியம் கெட்டது. பேண்டு வாத்தியக் குழுவுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். சிம்பொனிக் குழுவில் பெரும்பாலும் ஒரே டியூபா என்பதால், அங்கே இசையின் போக்குக்கு இசைந்த இடத்தில் வெளிப்படையாகவே மூச்செடுப்பது, அரைகுறைச் சுழற்சி மூச்சைவிட நன்றாக ஒலிக்கும்.