மூன்று டார்ச், ஏழு சம்பா: அனோடைஸ் நிறம் பார்த்து வாங்கிய அனுபவம்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் பல நாள் கரண்ட் இல்லை. வீட்டில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் டார்ச்சும் அந்த மழையிலேயே போய்விட்டன. அதற்கப்புறம்தான் அலுமினிய டார்ச் வாங்க ஆரம்பித்தேன். முதலில் கறுப்பு, அடுத்து ஆரஞ்சு, கடைசியாகச் சாம்பல். மூன்றும் இன்றும் நன்றாக எரிகின்றன. அதனால் வெளிச்சத்தை விட்டுவிட்டு, நிறமும் மேல்பூச்சும் எங்கள் வயலில் எப்படித் தாக்குப்பிடித்தன என்று சொல்கிறேன்.

பூச்சு என்பதுகூடச் சரியான சொல் இல்லை. அலுமினியத்தைக் கந்தக அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சும்போது, அந்த உலோகத்தின் மேல்தோலே ஆக்சைடாகிக் கெட்டிப்படுகிறது; இதைத்தான் அனோடைஸ் என்கிறார்கள். அதில் இருக்கும் நுண்துளைகளுக்குள் சாயம் இறங்கும்; பிறகு கொதிநீரில் போட்டுத் துளைகளை அடைப்பார்கள். டைப் 2 என்கிற சாதாரண அனோடைஸ் பொதுவாக 5 முதல் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் இருக்கும். டைப் 3 என்கிற ஹார்ட் அனோடைஸை உறைநிலையை ஒட்டிய குளிரில் செய்வார்கள். கனம் 50 மைக்ரான்கூட வரும். அந்த அடுக்கே சாம்பலாகவோ பழுப்பாகவோ வந்துவிடுவதால் பளிச்சென்ற சாயம் எடுபடாது. கறுப்பு, ஆலிவ் பச்சை மாதிரி அடர்நிறம்தான் ஒத்துவரும். கடையில் சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று மின்னினால் அது பெரும்பாலும் டைப் 2 என்றே வைத்துக்கொள்ளலாம்.

என்னுடைய கறுப்பும் டைப் 2தான். மோட்டார் கொட்டகைச் சாவியோடு ஒரே பையில் கிடந்ததில் ஒரே வருடத்தில் விளிம்பெல்லாம் வெள்ளி தெரிய ஆரம்பித்தது. கூரான முனைகளில் இந்த அடுக்கு எப்போதும் பலவீனமாகத்தான் உட்காரும். வாங்கும்போது விரலால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். லேசாக மழுக்கியிருந்தால் பல வருடம் வரும். ஆனால் கறுப்பின் உண்மையான குறை வேறு. ஒரு ராத்திரி மடை திருப்பப் போனபோது, அணைத்து வைத்திருந்த டார்ச் கை நழுவிச் சேற்றில் விழுந்தது. போன் வெளிச்சத்தில் அரைமணி நேரம் தேடினேன். விரியன் நடமாடும் வரப்பில் கையை விட்டுத் துழாவுவது எவ்வளவு பயம் என்று வயலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

மறுவாரமே ஆரஞ்சு வாங்கினேன். அதுவும் இரண்டு தடவை விழுந்தது; இரண்டு தடவையும் உடனே கண்ணில் பட்டது. குறை என்றால் வெயில்தான். கொட்டகையின் கிழக்கு ஜன்னலில் ஆணியில் மாட்டியே வைத்திருந்தேன். இரண்டு கோடை போனதும் வெளிப்பக்கம் வெளிறிச் சந்தன நிறமாகிவிட்டது. சுவரை ஒட்டிய பக்கம் மட்டும் புதுசு போல இருக்கிறது. கையில் உருட்டினால் இரண்டு டார்ச்சை ஒட்டவைத்த மாதிரி தெரியும். சாயம்தான் வெளுத்தது, அடுக்கு அப்படியே இருக்கிறது. உள்ளே மாட்டியிருந்தால் இதுவும் நேர்ந்திருக்காது.

சாம்பல் ஹார்ட் அனோடைஸ். சாயமே இல்லாத இயல்பு நிறம். களத்துமேட்டுச் சிமென்டில் விழுந்து ஓரிடம் நசுங்கியது தவிரப் பெரிய கீறல் இல்லை. சின்னக் கீறல் விழுந்தாலும் உள்ளே இருக்கும் அலுமினியமும் கிட்டத்தட்ட அதே நிறம் என்பதால் உறுத்தாது. பின்மூடியின் மறையிலும் அனோடைஸ் உண்டு. ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் தொடர்பு விட்டுப்போகும். பைக்குள் தானாக எரிந்து பேட்டரி தீராது. எனக்கு இது பெரிய வசதி.

இதை அப்பா எடுத்துக்கொண்டார். சில மாதம் கழித்து, “தம்பி, இதென்ன வெள்ளையா பூத்திருக்கு?” என்று நீட்டினார். சுவிட்சுக்குப் பக்கத்தில், சரியாகக் கட்டைவிரல் அகலத்தில் ஒரு திட்டு. துடைத்தேன், போகவில்லை. அப்பா கும்பகோணம் வெற்றிலை போடுபவர்; சுண்ணாம்பு தடவிய விரலோடேயே சுவிட்சை அமுக்குவார். சுண்ணாம்பு மாதிரிக் காரத்தன்மை உள்ள பொருள் பட்டால் அலுமினிய ஆக்சைடு கரையும், எவ்வளவு கெட்டியான அனோடைஸும் அதைத் தாங்காது. சிமென்ட் பாலும் இதே வேலையைச் செய்யும். பட்டவுடன் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். காயவிட்டால் கறை நிரந்தரம். சேறு இருக்கிறதே, அது ஒன்றுமே செய்யவில்லை. வாய்க்காலில் அலசினால் போய்விடுகிறது.

வயலுக்கு ஒன்றே ஒன்று வாங்குபவர்களுக்கு நான் சாம்பல் ஹார்ட் அனோடைஸைத்தான் சொல்வேன், கூடவே பின்மூடி வளையத்தில் ஒரு முழம் ஆரஞ்சு நைலான் கயிறு. வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தினால் பிடித்த நிறத்தைத் தாராளமாக எடுக்கலாம். அப்பாவின் டார்ச்சுக்கும் இப்போது கயிறு கட்டியாயிற்று. வெற்றிலைப் பையில் ஒரு ஈரத்துணியும் மடித்து வைத்திருக்கிறேன்.